வட்டிலப்பமும் ஒரு காலத்தில் புதுப் பழக்கம்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பெருநாள் நெருங்கும்போதெல்லாம் நம்ம ஊர்ப் பக்கங்களில் ஒரே பேச்சு திரும்பத் திரும்ப வரும். கேக் அடிக்கப் புதிதாகப் பழகிய ஒரு பிள்ளை தான் செய்ததைப் படம் எடுத்துப் போடும். கீழே பாதிப் பேர் மாஷா அல்லாஹ் என்று எழுதுவார்கள். மீதிப் பேரில் இரண்டு வகை. ஒரு வகையினர், "இதெல்லாம் நம்ம பழக்கமா? நம்ம உம்மாமார் வட்டிலப்பமும் தொதலும்தானே செய்தார்கள்" என்பார்கள். மற்ற வகையினர், "இந்த விலையா? மாவும் முட்டையும் சீனியும்தானே" என்பார்கள்.

நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். இந்த இரண்டு கேள்விக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

*வட்டிலப்பம் எந்தக் கப்பலில் வந்தது?*

நோன்புப் பெருநாள் என்றால் வட்டிலப்பம். அதில்லாமல் பெருநாள் இல்லை என்றே நினைக்கிறோம். பெயரும் நல்ல தமிழ்ப் பெயர். வட்டில் என்றால் சிறு கிண்ணம். வட்டிலில் ஊற்றி அவித்த அப்பம் வட்டிலப்பம். பெயர் தமிழாக இருப்பதால் பண்டமும் ஆதியிலிருந்தே நம்மிடம் இருந்தது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் அதில் என்னென்ன சேருகிறது என்று பாருங்கள். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம், சாதிக்காய். இதே சேர்மானம் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இருக்கிறது. அங்கே அதற்கு ஸ்ரீகாயா என்று பெயர். முட்டை, தேங்காய்ப்பால், பனைவகை மரத்தின் சர்க்கரை. தாய்லாந்தில் அதுவே சங்காயா. தென்கிழக்காசியா முழுக்க முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இந்த இனிப்புக் குடும்பம் பரவிக் கிடக்கிறது. முட்டையை இப்படி இனிப்பில் தாராளமாகப் போடுகிற பழக்கமே போர்த்துக்கேயரிடமிருந்து அந்தப் பக்கம் போயிருக்கலாம் என்று கருதுகிற ஆய்வாளர்களும் உண்டு.

அங்கிருந்து நம்ம நாட்டுக்கு எப்படி வந்தது? ஒல்லாந்தர் கப்பலில். 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தக் கம்பனியின் கையில் இருந்தது. அதே கம்பனிதான் ஜாவாவையும் ஆட்டிப் படைத்தது. ஜாவாவில் தங்களுக்குப் பணியாத இளவரசர்களையும் பிரபுக்களையும் மார்க்க அறிஞர்களையும் குடும்பத்தோடு நாடு கடத்தி இலங்கைக்கு அனுப்பினார்கள். மத்தராம் அரசின் மன்னர் மூன்றாம் அமங்குராத்தையே 1708இல் இங்கே அனுப்பினார்கள். அவர்களோடு சிப்பாய்களும் வேலையாட்களும் கைதிகளும் வந்தார்கள். நாம் மலாயர் என்றும் சிங்கள மக்கள் ஜா என்றும் சொல்கிற சமூகம் இப்படித்தான் உருவானது. ஆங்கிலேயர் காலத்தில் அவர்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். 1873இல் அந்தப் படைப்பிரிவு கலைக்கப்படும் வரைக்கும் கோட்டைக்குக் கோட்டை, ஊருக்கு ஊர் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மலாயரும் நம்மவர்களும் ஒரே பள்ளிவாசலில் தொழுதார்கள். கல்யாணம் முடித்தார்கள். பெருநாளுக்கு ஒரு வீட்டுப் பண்டம் மறு வீட்டுக்குப் போனது. ஜாவாவில் வேறொரு பனைவகை மரத்தின் சர்க்கரையைப் போட்டவர்களுக்கு இங்கே கித்துள் கிடைத்தது. அவர்களுடைய பண்டம் நம்முடைய பெயரை எடுத்துக்கொண்டது. நாடு கடத்தப்பட்டு வந்த ஒரு பெண் தெரியாத ஊரில் கிடைத்த சாமானை வைத்து ஊரில் சாப்பிட்டதைச் செய்து பார்த்திருப்பாள். பக்கத்து வீட்டு ராத்தா எட்டிப் பார்த்துப் பழகியிருப்பாள். அந்த ராத்தாவின் மாமியாரும் "இது என்ன புதுசா?" என்று கேட்டிருப்பார், சந்தேகமே இல்லை.

*தொதலும் கடற்பாசியும்*

தொதல் என்ற சொல்லே மலாய்ச் சொல். அங்கேயும் அது தொதொல்தான். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் தாச்சியில் போட்டு, கை ஓயக் கிண்டி, எண்ணெய் பிரிந்து வரும்வரை காய்ச்சுவது. நம்ம சம்பலுக்கும் அந்தப் பக்கத்துச் சொந்தம்தான்.

நோன்பு காலத்தில் நிறம் நிறமாக வெட்டி வைக்கிற கடற்பாசி இருக்கிறதே, அதை உலகம் முழுக்க அகர் என்று சொல்கிறார்கள். ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கவும் அதுதான். அகர் என்பது மலாய் மொழியின் அகர்-அகர். ஆங்கிலேயர் காலத்தில் நம்ம நாட்டுக் களப்புகளில் பொறுக்கிக் காயவைத்த ஒரு பாசி 'சிலோன் மொஸ்' என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போனது. புத்தளம், கற்பிட்டி, திருகோணமலைப் பக்கம் அதற்குப் பேர்போனவை. இன்று புடிங்கில் ஜெலட்டின் போடலாமா, அது எந்த மிருகத்திலிருந்து வந்தது என்று பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். நம்ம முன்னோர் அந்தக் கவலையே இல்லாமல் கடலில் இருந்து எடுத்த பாசியில் வேலையை முடித்துவிட்டார்கள்.

மஸ்கட் என்ற இனிப்பின் பெயரைக் கேட்டாலே ஓமான் தலைநகரம் தெரிகிறது. அல்வா அரபுச் சொல். நம்ம பெருநாள் தட்டைக் கொஞ்சம் ஊன்றிப் பார்த்தால் இந்து சமுத்திரத்தின் வரைபடமே அதற்குள் இருக்கிறது.

*பாண், போறணை, குசினி*

இனி கேக் பக்கம் வருவோம். கேக் வேண்டும் என்றால் கோதுமை மா வேண்டும், எல்லாப் பக்கமும் சூடு சுற்றுகிற அடுப்பு வேண்டும். நம்ம பழைய சமையலில் அவிப்பது, பொரிப்பது, சுடுவது எல்லாம் இருந்தன. மூடிய சூட்டில் வேகவைக்கிற பழக்கம் பெரிதாக இல்லை. அது போர்த்துக்கேயரோடு வந்தது.

மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை போனாலும் சொற்கள் போகவில்லை. பாண் போர்த்துக்கேயச் சொல். பாண் சுடுகிற போறணை போர்த்துக்கேயச் சொல். விசுக்கோத்து, கோப்பை, மேசை, அலமாரி எல்லாம் அப்படியே. நாம் நின்று சமைக்கிற குசினியும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். மட்டக்களப்பு நகரத்தில் இன்றைக்கும் பறங்கியர் குடும்பங்கள் சில வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகின்றன. தச்சு வேலையும் இரும்பு வேலையும் அவர்களுடைய பரம்பரைத் தொழில். ரவையும் கஜுவும் போடுகிற லவ் கேக் பறங்கியர் வீட்டுச் சொத்து. ஒல்லாந்தர் கொண்டுவந்த புறூடர் என்ற புளித்த மாக் கேக்கும் அப்படித்தான்.

நம்ம சரித்திரமும் இதே காலத்தில்தான் இங்கே முடிச்சுப் போடுகிறது. போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் பெருந்தொகையானோரைக் கிழக்கில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்பே இங்கே இருந்தவர்களோடு அவர்கள் சேர்ந்தார்கள். ஆக, போறணையைக் கொண்டுவந்தவன் விரட்ட, விரட்டப்பட்டவன் வந்து சேர்ந்த இடத்திலும் போறணை வந்து நின்றது. வரலாறு அப்படித்தான். யாரிடமிருந்து வந்தது என்று பார்த்துச் சாப்பிட்டால் இரண்டு நாளில் பட்டினி.

*இறாத்தல் கணக்கு*

இன்றைக்கும் நாம் "ஒரு இறாத்தல் பாண்" என்றுதான் கேட்கிறோம். கிலோ வந்து எத்தனையோ வருடமாயிற்று, இறாத்தல் போகவில்லை. கேக்கும் இறாத்தலில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் 1747இல் வந்த ஹன்னா கிளாஸ் என்ற பெண்ணின் சமையல் நூலிலேயே இறாத்தல் கேக் இருக்கிறது. மா ஒரு இறாத்தல், சீனி ஒரு இறாத்தல், பட்டர் ஒரு இறாத்தல், அதற்கு ஏற்ற முட்டை. எழுத வாசிக்கத் தெரியாதவரும் மறக்க முடியாத கணக்கு. நம்ம பட்டர் கேக் இன்றும் அந்தக் கணக்கைச் சுற்றித்தான் நிற்கிறது.

அந்தக் காலத்தில் பேக்கிங் பவுடர் இல்லை. கேக் எழும்ப வேண்டும் என்றால் கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மணித்தியாலம் வரைக்கும். நாம் "கேக் அடிக்கிறது" என்று சொல்வதற்குள் அந்தக் கைவலி இன்னும் இருக்கிறது. 1843இல் பேர்மிங்ஹாமில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் பேக்கிங் பவுடரைச் செய்தார். ஏன் செய்தார் தெரியுமா? அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அதற்கு முன் 1837இல் அவர்தான் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரையும் செய்தார். அதற்கும் காரணம் மனைவிதான். அவருக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது. நாம் நோன்பு திறக்கப் பழத்தோடு கலக்கிற கஸ்டர்டின் தொடக்கம், வீட்டில் ஒருவர் இன்னொருவருக்காகச் செய்து பார்த்த ஒரு பரிசோதனை.

ஆங்கிலேயர் காலத்தில் கேக் கொழும்பு மாளிகைகளிலிருந்து மெல்ல மெல்லக் கல்யாண வீடுகளுக்கு இறங்கியது. நம்மவர்கள் ரிச் கேக்கில் பிரண்டியை எடுத்துவிட்டுப் பழத்தையும் கஜுவையும் வைத்துக்கொண்டார்கள். ஊர்களில் வீட்டு ஓவன் ஏது? சட்டிக்குக் கீழே தணல், மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். அதுதான் ஓவன். இல்லாவிட்டால் கலவையைத் தட்டில் ஊற்றி, பாண் வெந்து முடிந்த போறணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஆறின பிறகு எடுத்து வருவது. வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

*நமக்கு விளையாத மா*

நம்ம நாட்டில் கோதுமை விளையாது. மட்டக்களப்போ நெல் விளைகிற மண். பிறகு எப்படி இவ்வளவு மா? யுத்தமும் பஞ்சமும் கொண்டுவந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல், பர்மா ஜப்பானிடம் விழுந்தது. பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அரிசி வராமல் போனது. பங்கீட்டு அட்டை வந்தது, கோதுமை மா வந்தது. பிறகு அமெரிக்க உதவியில் மா வந்து இறங்கியது. அதனால்தான் நம்ம மூத்தம்மாமார் அதை "அமெரிக்கன் மா" என்றார்கள். கூப்பன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய மாவில் ரொட்டியும் பணியாரமும் சுட்டார்கள். எழுபதுகளில் அதற்கும் தட்டுப்பாடு. பாணுக்கு விடியவே வரிசை. 1977இல் பொருளாதாரம் திறந்தது. 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் பிரிமா ஆலை மா அரைக்கத் தொடங்கியது. இன்று நம்ம பிள்ளைகள் வெட்டுகிற பக்கற்றின் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

தேங்காய்க்கும் ஒரு கதை உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளியை நம்ம பகுதியில் யாரும் மறக்க மாட்டார்கள். மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னை திரும்பக் காய்க்க எத்தனை வருடம் எடுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேங்காய்ப்பால் இல்லாமல் எந்தப் பெருநாள் பண்டம்?

கித்துளும் நம்ம மண்ணுக்கு உரியதல்ல. அது மலைநாட்டிலும் மழை அதிகம் விழும் சப்ரகமுவ பக்கமும் வளர்கிற மரம். நம்ம பக்கம் பனை. ஆனாலும் வட்டிலப்பத்துக்குக் கித்துள்தான் என்று நின்றுகொண்டார்கள். நம்ம ஆட்கள் தவளம் என்ற பொதி மாடுகளோடு மலையேறிய வியாபாரிகள். உப்பும் கருவாடும் மேலே போகும், பாக்கும் மலைநாட்டுச் சாமான்களும் கீழே வரும். மலைக்கும் களப்புக்கும் இடையிலான அந்த உறவின் ருசி வட்டிலப்பத்தில் இன்னும் இருக்கிறது. மலையில் கித்துள் சீவுகிற சிங்களக் குடும்பத்தின் உழைப்பு இல்லாமல் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஓட்டமாவடியிலோ பெருநாள் இல்லை.

*வீடு யாருடையது?*

இது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த இடம்.

நம்ம கிழக்குக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஒரு வழக்கம் இருக்கிறது. குடி தாய்வழியாக வருகிறது. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு மகளுக்கு. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் பல வருடம் இருந்து இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சீதனம் என்ற பெயரில் இந்த வழக்கம் இன்று ஏழைத் தகப்பன்மாரின் முதுகை எப்படி முறிக்கிறது என்பது தனிப் பதிவு. இன்று நான் சொல்ல வருவது குசினியைப் பற்றி.

நாட்டின் பல பகுதிகளில் மருமகள் மாமியாரின் குசினிக்குள் போகிறாள். அங்கே அவள் புதிய ஆள். நம்ம பகுதியில் மகள் தன் உம்மாவின் வீட்டிலேயே, அல்லது அடுத்த வளவிலேயே இருக்கிறாள். உம்மாவும் சாச்சியும் பெரியம்மாவும் சுற்றியிருக்கிறார்கள். தாச்சியில் தொதல் எப்போது இறக்க வேண்டும் என்பது புத்தகத்தில் எழுதி வைத்த அறிவு கிடையாது. உம்மா அகப்பையைக் கையில் கொடுத்து, "இப்ப பாரு, இப்ப பாரு" என்று சொல்லிக் கொடுத்த அறிவு. ஒரே வளவில் மூன்று தலைமுறை இருந்ததால்தான் அது தப்பிப் பிழைத்தது.

அந்த அறிவு பல குடும்பங்களுக்குச் சோறும் போட்டது. 1990ஐ நினைத்துப் பாருங்கள். நம்ம ஊர்களிலும் பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் எத்தனை பெண்கள் கணவனை இழந்தார்கள். பாதை மூடியிருந்தது, வயல் போக முடியாது, ஆம்பிளை இல்லை. விடியச் சாமத்தில் எழும்பி அப்பம் சுட்டு, இடியப்பம் அவித்து, வாசலில் வைத்து விற்றே பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கிய உம்மாமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் தொழில் முனைவோர் என்று சொல்லவில்லை. "அப்பக்காரி" என்றார்கள். அவர்கள் வளர்த்த பிள்ளைகளில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தாதிமார் இருக்கிறார்கள், பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். இன்று ஓவன் முன்னால் நிற்கிற பிள்ளை அந்த அப்பக்காரியின் பேத்திதான்.

*ஓவன் வந்த வழி*

எழுபதுகளின் கடைசியிலிருந்து நம்மவர்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். வரும்போது ஓவனும் பீட்டரும் கொண்டுவந்தார்கள். அங்கே வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பஸ்பூசாவும் உம்மு அலியும் செய்யப் பழகி வந்தார்கள். பிறர் வீட்டுக் குசினியில் கண்ணீரோடு பழகியதை இங்கே பெருநாளுக்குச் செய்து கொடுத்தார்கள். மலாயப் பெண் இங்கே வந்து பழக்கியதைப் போல, இது அங்கே போய்ப் பழகி வந்தது. கடல் அதே கடல்தான்.

பிறகு 2020 மார்ச்சில் ஊரடங்கு. கடைகள் பூட்டு, வருமானம் இல்லை. கையில் போன், வீட்டில் தூசு பிடித்த ஓவன். யூடியூப் பார்த்துப் பழகியவர்கள் ஏராளம். அதில் நின்று பிடித்தவர்கள் வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கத் தொடங்கினார்கள்.

2022இல் மறு அடி. கேஸ் இல்லை. பால்மா இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 1,000 ரூபாவுக்கு வாங்கியது ஏறத்தாழ 1,950 ரூபா. 2023இல் முட்டையைக்கூட இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவர வேண்டியதாயிற்று. இதையெல்லாம் தாண்டி ஒரு பிள்ளை இன்னும் கேக் அடிக்கிறது என்றால் அது பொழுதுபோக்காக இருக்க முடியாது. பல வீடுகளில் கரண்ட் பில்லும் டியூசன் காசும் அந்த ஓவனுக்குள்ளிருந்துதான் வருகிறது.

*பழகுகிற பிள்ளைகளுக்கு*

என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இப்போது இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் சில விடயம்.

வட்டிலப்பத்திலிருந்தே தொடங்குங்கள். முட்டை எப்படி இறுகுகிறது என்பதை அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற பண்டம் இல்லை. கொதிநிலைக்குக் கீழேயே, 80 பாகையை அண்டி, முட்டைக் கலவை இறுகிவிடும். அடுப்பை ஓங்கி எரித்தால் உள்ளே நீர் கொதித்துக் குமிழ் போடும், பண்டம் தண்ணீர் விட்டுப் பிரியும். மெல்லிய ஆவியில் வைத்தால் வழுவழுப்பாக வரும். கண் கண்ணாக வேண்டும் என்கிற வீடும் உண்டு; அது அந்த வீட்டு ருசி. இது விளங்கினால் கரமல் புடிங்கும் கஸ்டர்டும் உங்களுக்குப் பாதி தெரிந்த மாதிரி. கருப்பட்டியில் சீனி கலந்து வருவதும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

பட்டர் கேக்கில் இரகசியம் அடிப்பதில்தான். சீனிப் பரல் பட்டருக்குள் போய்ச் சின்னச் சின்னக் காற்றறை செய்கிறது. சூட்டில் அந்தக் காற்று விரிகிறது, கேக் எழும்புகிறது. வெளிநாட்டு வீடியோவில் "பட்டரை வெளியே வைத்து இளக விடுங்கள்" என்பார்கள். அவர்களுடைய அறை 20 பாகை. நம்ம மட்டக்களப்பு வெயிலில் 30ஐத் தாண்டும். பட்டர் இளகாது, உருகும். உருகினால் காற்றைப் பிடிக்காது. பாத்திரத்தைக் கொஞ்சம் குளிர வைத்து, விடியற்காலையில் அடித்துப் பாருங்கள். ஐசிங் வழிவதற்கும் உங்கள் கை காரணமல்ல, நம்ம வெயில்தான் காரணம்.

கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுங்கள். ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். வெனிலா எசன்சில் மதுசாரம் இருக்கிறதா, ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பாருங்கள். விற்பதாக இருந்தால் சுத்தத்தைப் பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு நடவுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பெரிய பேக்கரிக்கு மட்டுமானதல்ல. அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தத் துறைக்கும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். விசாரித்துப் பாருங்கள். மகள்மாரை அனுப்புங்கள், மகன்மாரையும் அனுப்புங்கள்.

*விலை கேட்கிறவர்களுக்கு*

இனி அந்த இரண்டாவது கேள்வி. ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். ஒரு கேக்குக்குச் சாமான் 2,000 ரூபா. கேஸும் கரண்டும் 200. பெட்டியும் போர்டும் 250. ஆக 2,450. சாமான் வாங்கப் போனது, அடித்தது, வேகவைத்தது, ஐசிங் போட்டது, கழுவியது என்று ஐந்து மணித்தியாலம். 3,000 ரூபாவுக்கு விற்றால் மிச்சம் 550. மணித்தியாலத்துக்கு 110 ரூபா. அதிலும் நீங்கள் 500ஐக் குறைக்கச் சொன்னால், அந்தப் பிள்ளையின் ஐந்து மணித்தியாலத்துக்கு நீங்கள் கொடுப்பது 50 ரூபா.

மேசன்பாஸிடம் போய், "சீமெந்தும் கல்லும்தானே, கூலி எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. பெண் வீட்டுக்குள் இருந்து செய்தால் மட்டும் கூலி கணக்கில் வருவதில்லை. வீட்டில் அவள் சும்மாதானே இருக்கிறாள் என்கிற நினைப்பு அது. அப்பக்காரிக்கும் இதைத்தான் செய்தோம். கூலியாளின் வியர்வை உலர முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கடனுக்கு வாங்கி இரண்டு மாதம் இழுக்கிறவர்களும் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேக் வந்ததால் வட்டிலப்பம் அழிந்துபோகும் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயம் நியாயமானது. ஆனால் அது அழிவதானால் கேக்கால் அழியாது. சொல்லிக்கொடுக்க ஆளிருந்தும் கேட்க ஆளில்லாமல்தான் அழியும். முட்டை இறுகுகிற பக்குவம் தெரிந்த பிள்ளையின் கையில்தான் வட்டிலப்பமும் பத்திரமாக இருக்கும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வெள்ளிக்கிழமை உங்கள் மூத்தம்மாவிடமோ சாச்சியிடமோ போய் இருந்து, அவர்கள் செய்கிற ஒரு இனிப்பைக் கேட்டு எழுதுங்கள். "ஒரு பேணி", "ஒரு சுண்டு", "கைப்பிடி" என்று அவர்கள் சொல்கிற அளவையே எழுதுங்கள், பக்கத்தில் கிராமில் நிறுத்துப் போடுங்கள். அவர்கள் யாரிடம் பழகினார்கள், அப்போது அடுப்பு எப்படி இருந்தது என்பதையும் கேளுங்கள். எழுதியதைக் கீழே கொமெண்டில் போடுங்கள். தமிழ், பறங்கி, மலாய் உறவுகள் யாராவது வாசித்தால் உங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்லுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் சேர்த்து, பாடசாலைப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி ஒழுங்குபடுத்துகிறேன், இன்ஷா அல்லாஹ்.

புதிதாகக் கேக் அடிக்கப் பழகுகிற பிள்ளை யாராவது உங்கள் ஒழுங்கையில் இருந்தால் இந்தப் பதிவை அவளுக்கு அனுப்புங்கள். அடுத்த பெருநாளுக்கு அவளிடமே ஒரு ஓடர் கொடுங்கள், கேட்ட விலைக்கு, முற்பணத்தோடு.

வஸ்ஸலாம்.